வேப்பிலையும் இரண்டு பாட்டில் தண்ணீரும்

“ஏம்மா, நீங்க ரேஸ்ல இருக்கீங்களா, இல்லியா?”

மூன்று வாரங்களுக்கு முன் ஜவ்வாது மலைமேல் ஒரு நடுவர் என்னிடம் கேட்டது. கையில் பேடும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டபோது நான் தரையில் உட்கார்ந்து என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலையில் ஹெல்மெட். பக்கத்தில் சைக்கிள். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இனியா பிறந்த பிறகு நான் ஓட ஆரம்பித்த கதை, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக... எங்கள் ஊர் ஆலங்காயம். இனியாவுக்கு ஒரு வயது ஒன்பது மாதம். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு, காலை நேர ஓட்டம்தான் கொஞ்சம் நிதானம் தந்தது. அப்புறம் கணவரின் பழைய சைக்கிள் சேர்ந்துகொண்டது. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் – இது டூயத்லான். முதல் ஓட்டத்துக்குப் பதில் நீச்சல் வந்தால் டிரையத்லான். என் ஆசை டிரையத்லான் மேல்.

நீச்சலுக்கு எங்கே போவது? என் நாத்தனார் தேவகி அண்ணியின் நிலத்தில் கிணறு இருக்கிறது. முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி என்னை உள்ளே இறக்கிவிட்டவர் அண்ணிதான். நான் ஆன்லைனில் வாங்கிய நீச்சல் உடையைப் பார்த்துவிட்டு, “இன்னா சுதா, கெணத்துல மீன் புடிக்கப் போறியா, இல்ல மீனாவே ஆயிட்டியா?” என்றார். அவர் நைட்டியோடு குதித்து, நான் ஒரு சுற்று முடிப்பதற்குள் மூன்று சுற்று போய்விடுவார். வட்டக் கிணறு என்பதால் எப்போதும் இடப்பக்கமே திரும்பித் திரும்பி, எனக்கு இப்போது நேராக நீந்தவே வரவில்லை. ஏரியில் விட்டால் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மாசியில் கணியம்பாடிப் பக்கம் ஒரு டூயத்லான் போனேன். பாதியில் விலகிவிட்டேன். காரணம்? சைக்கிளை எடுக்கப் போகும்போது, வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் இனியா வரிசையாக மூன்று தும்மல் போட்டாள். அவ்வளவுதான். காய்ச்சல் வந்துவிடும் என்று முடிவு செய்து, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சலும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை கணவர் ஒன்று சொன்னார். “அடுத்தது நம்ம மலையிலதான். அதை முடிச்சிட்டன்னா டிரையத்லானுக்குப் பேர் குடுக்கலாம். முடிக்கலன்னா இந்த வருஷம் வேணாம். ஒவ்வொரு தடவையும் நீ அழறதை என்னால பார்க்க முடியல.”

ஒப்புக்கொண்டேன். ஆக, மலை ரேஸை முடித்தாக வேண்டும்.

இங்கேதான் அண்ணியின் யோசனை வந்தது. இனியா இன்னும் பால் மறக்கவில்லை. “வேப்பிலைய அரைச்சி மாருல தடவிக்கோ. ரேஸ் அன்னிக்குக் காலையில தடவிக்கினு போ. ஒருவாட்டி வாய் வெச்சாள்னா அதோட வுட்ருவா. நீயும் ரெண்டு மூணு மணி நேரம் கண்ல படமாட்ட. சரியா இருக்கும்.”

எல்லா வீட்டிலும் செய்வதுதான். அண்ணியின் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் மறந்தார்கள். ரேஸுக்கு முந்தின இரவெல்லாம் நான் இணையத்தில் நல்லதா கெட்டதா என்று தேடினேன். பாதிப் பேர் நல்லது என்றார்கள், பாதிப் பேர் பாவம் என்றார்கள். விடிந்ததும் தடவிக்கொண்டேன்.

காரில் ஏறும்போது இனியா ஒருமுறை வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. அழவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தப் பார்வையைத் தூக்கிக்கொண்டுதான் முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். வியர்வையில் வேப்பிலை கரைந்து, ஜெர்சியில் பச்சைக் கறை.

ஓடி முடித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைக் கையில் பிடித்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இனியா, அப்பா கையில். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பக்கத்தில் போனேன். ஜெர்சியைத் தொட்டாள். தொட்ட கையை உடனே இழுத்துக்கொண்டாள். “ச்சீ” என்றாள். மறுபடி கையை நீட்டினாள். மறுபடி இழுத்துக்கொண்டாள்.

வேண்டும், ஆனால் பயம். அது என்ன நிலை என்று எனக்குத் தெரியாதா? என் வாழ்க்கையே அதுதானே.

சைக்கிளில் இருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் எடுத்தேன். காரிலிருந்து கொண்டுவந்திருந்த என் துப்பட்டாவைக் கணவரை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிக் கழுவினேன். மகளை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் முதலில் நாக்கை மட்டும் நீட்டிச் சோதித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நடுவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

“ஏம்மா, நீங்க ரேஸ்ல இருக்கீங்களா, இல்லியா? சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்.”

“ஒரு நிமிஷம் சார்.”

“ஒரு நிமிஷம்னு எழுதறதுக்கு இதுல எடமில்லம்மா.”

அந்த ஒரு நிமிடம் ஒன்பது நிமிடமானது. கிளம்பும்போது கணவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெளியாள் உதவி வாங்கினால் தகுதி நீக்கம் என்று காலையில் மைக்கில் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, காலி பாட்டில்களோடு மலைப்பாதையில் ஏறினேன். ரேஸ் நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்த எனக்கு, சட்டம் அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்?

அமைப்பாளர்களின் தண்ணீர் பத்தாவது கிலோமீட்டரில். ஏழாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் இருட்டியது. சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். சாலையோரப் புளியமரத்தடியில் மூன்று பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்தவர் சொம்போடு எழுந்து வந்தார்.

“மூஞ்சி ஏம்மா இப்படி செவந்து கெடக்கு? இந்தா, குடி.”

“வேணாங்க. ரேஸ்ல வெளியாளுங்ககிட்ட வாங்கக் கூடாது.”

“நாங்க இன்னா வெளியாளா? நாங்க இங்கியேதான் இருக்கோம். நீதான் வெளியாளு.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் என் ஜெர்சியைப் பார்த்தார். பச்சைக் கறை, அதன்மேல் பால் ஈரம்.

“கைக்கொழந்தையா?”

“ஆமாங்க.”

“வேப்பல தடவினியா?”

தலையாட்டினேன்.

“அப்புறம் மனசு கேக்காம கழுவிட்ட.” கேள்வி இல்லை, சொன்னார். “நானும் கழுவினவதான். குடிம்மா, சும்மா யோசிச்சிக்கினு நிக்காத.”

குடித்தேன். கொஞ்சம் புளி கரைத்த தண்ணீர். அதைப் போல ஒன்றை நான் இதுவரை குடித்ததில்லை. ஒரு பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தார். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. இதை அவருக்கு யாராவது படித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

சைக்கிளை முடித்தேன். கடைசி ஓட்டத்தையும் முடித்தேன். கடைசி ஆளாகத்தான். முடிவுக்கோட்டில் கட்டியிருந்த பேனரைப் பாதி கழற்றிவிட்டிருந்தார்கள். எனக்காக அதன் ஒரு முனையைக் கணவர் தூக்கிப் பிடித்தார். இன்னொரு முனை நடுவர் கையில். இனியா காரில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். யார் பார்த்தார்கள்? ஆனால் என்னால் முடியுமா? நேராக நடுவரிடம் போய், “சார், வழியில தண்ணி வாங்கிக் குடிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். “இதை ஏம்மா எங்கிட்ட வந்து சொல்றீங்க?”

“சொல்லணும்ல சார்.”

“சொன்னப்புறம் நான் எழுதாம இருக்க முடியுமா? ரூல் ரூல்தான். உங்க பேரு ரிசல்ட்ல வராது.”

தலையாட்டினேன். அழவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

காரில் ஏறப் போகும்போது அவரே தேடி வந்தார். ஒரு துண்டுச் சீட்டு. என் பெயர், இரண்டு ஓட்டங்கள், சைக்கிள் – ஒவ்வொன்றின் நேரமும் நிமிடம், நொடி சுத்தமாக எழுதியிருந்தது. நடுவில் அந்த ஒன்பது நிமிடத்துக்கும் தனியாக ஒரு வரி: ‘குழந்தை’. கடைசியில் ‘முடித்தார் / முடிக்கவில்லை’ என்று எழுதி, எதையும் அடிக்காமல் விட்டிருந்தார்.

“அதை நீங்களே அடிச்சிக்கோங்கம்மா. எனக்குத் தெரியல” என்றார்.

அந்தச் சீட்டு இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. கணவர் ‘முடித்தாய்’ என்கிறார், டிரையத்லான் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அண்ணி, “தூரம் ஓடியாச்சில்ல, அப்புறம் இன்னா?” என்கிறார். வேப்பிலை விஷயம் கேட்டதற்கு, “சரி வுடு, பள்ளிக்கூடம் போறதுக்குள்ள மறந்துடுவா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இனியா தினமும் முதலில் நாக்கை நீட்டிச் சோதித்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

இத்தனை பேர் என்னைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். கிணற்றில் ஒருவர், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர், புளியமரத்தடியில் ஒருவர், பேனர் முனையில் ஒருவர். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? இருந்தும் விண்ணப்பத்தில் என் பெயரை எழுதக் கை வரவில்லை. போட்டி நடப்பது வெளியூரில், ஒரு இரவு தங்க வேண்டும். பால் மறக்கடித்துவிட்டுப் போவதா, அவளையும் கூட்டிக்கொண்டு போவதா? இல்லை, முடிக்காதவள் என்று ஒப்புக்கொண்டு அடுத்த வருடம் வரை பொறுப்பதா?

பிள்ளை பெற்றவர்கள், ஓடுகிறவர்கள், நடுவராக இருந்தவர்கள் – யாராக இருந்தாலும் சரி, அந்தச் சீட்டில் நான் எதை அடிக்கட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். நான் நீந்திப் பழக இருக்கிற ஒரே கிணற்றில், வெயிலுக்குத் தண்ணீர் தினமும் ஒரு படி இறங்கிக்கொண்டிருக்கிறது.