அரை அங்குலம் கூடுதல்

நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே மர ரயில் பாதையை வளைத்துக்கொண்டு போனதுதான் அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. முதலாளி வாண்டு, மகளின் ஆறு வயதுப் பெண். மேசைக்கடியில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

மகளின் கண் பாதையில் இல்லை, அப்பாவின் மேல் இருந்தது. ஒரு துண்டைப் பொருத்துவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தவழ்ந்து வந்தவர் பாதியில் நின்று, தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பவர்போலக் கண்ணைச் சுருக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

"அப்பா, எழுந்திருங்க. டாக்டர்கிட்ட போலாம்."

"இது முடியட்டும்மா."

முடியவில்லை. சுற்றி வந்த பாதையின் இரண்டு முனையிலும், அடுத்த துண்டின் பள்ளத்தில் பொருந்தும் கொண்டையே வந்து நின்றது. கொண்டையும் கொண்டையும் சேராது. இருபுறமும் பள்ளமுள்ள குட்டித் துண்டு ஒன்று வேண்டும்; பெட்டியில் அது இல்லை. பாதையைக் கலைக்கக் கூடாது என்று வாண்டு ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து இடைவெளியை அளந்தார். மறுநாளே தச்சரிடம் சொல்லி ஒரு துண்டைச் செய்து வாங்கி வந்தார்.

அது அரை அங்குலம் கூடுதலாக இருந்தது.

"தச்சர் சொதப்பிட்டாராப்பா?"

"இல்லம்மா. நான்தான் அரை அங்குலம் சேத்துச் சொன்னேன்."

"கட்டைக்குக்கூடவா தையலுக்கு விடுவீங்க?"

"தாத்தா ரயிலுக்குச் சட்டை தைக்கிறாரு!" வாண்டு தரையில் உருண்டாள்.

கோட்டுத் தையல்காரர் அவர். யாருக்குத் தைத்தாலும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார். மகளின் பள்ளிப் பாவாடைகள் அவளோடு சேர்ந்து வளர்ந்தன. பிரித்துவிட்ட பழைய மடிப்புகள் கோடு கோடாகத் தெரியும். பேருந்து வருவதற்கு வெகுமுன்பே போய் நிற்பார். "பெருசா இருந்தா குறைச்சுக்கலாம். சின்னதாப் போனா என்ன பண்ணுவே? ஏன் இன்ஜினியரம்மா, நீங்க பாலத்துல விடுறதில்லையா?"

"விடுவோம். வெயில்ல விரியறதுக்கு இடைவெளியா விடுவோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. முதலில் டாக்டர், பிறகுதான் தச்சர் என்று மகள் கறாராகச் சொன்னாள்.

"சரி தாயே. ரெண்டும் ஒரே தெருதான்."

மறுநாள் காலை டாக்டர் வீட்டு வராந்தாவில் கூட்டம். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாலு கடை தள்ளித்தாம்மா. நம்ம முறை வர்றதுக்குள்ள ஓடிட்டு வந்துடறேன்."

"ஓடுறதா? உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்தார். மரத்துண்டை மடியில் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார். கோடு நேராக வந்திருந்தது.

"இந்தா, நீ வெச்சுக்கோ. தச்சர் கண்ணை மூடிட்டு வெட்டலாம்."

நர்ஸ் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள். மகள் எழுந்தாள். அவர் எழவில்லை.

பாதை இன்னும் கூடத்தில் கிடக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களும் அதைத் தாண்டித்தான் போனார்கள். கலைக்க வாண்டு விடவில்லை. ரயிலை இடைவெளிவரை ஓட்டி வந்து, நிறுத்தி, பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகிறாள்.

துண்டு மகளின் கைப்பையில், கோடு அழியாமல் கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. தச்சர் கடைக்கு இன்னும் யாரும் போகவில்லை.