கிளேபாங் போகாத ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் மோட்டார் காடி துருப்பிடித்ததற்குக் கடல்காற்றுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சும்மா வாயை மூடிக்கொண்டு நிற்கிற பொம்பளை இல்லை நான். மீன்காரனிலிருந்து தபால்காரன் வரைக்கும் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரெண்டு வருஷம் ஊமையாக இருந்தேன்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், அந்தக் காடியை வாங்கினார். ரெண்டு கை மாறி வந்த ஜப்பான் காடி. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் ஜப்பான் என்று சொன்னாலே பெரியவர்கள் முகம் சுளிக்கும். "சண்டைக் காலத்துல நம்மள ஆண்டு மூணு வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்ன வச்சவன் காடியையா வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. இவர் சர்க்கார் ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. யார் என்ன சொன்னாலும் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஆசைக்கு வாங்கியதில்லை அது. மகளுக்காக வாங்கினார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. நாலு வயசில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது, வலது காலின் பலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். முழங்காலுக்கு மேல்வரை ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, கீழே காலுக்குக் கனமான தோல் சப்பாத்து. அதை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பாள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காடி இல்லாமல் அவளால் போக முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸி இருந்தார், நல்ல பொம்பளை. "வாரம் ஒரு தடவையாவது கடலில் இறக்கி நடக்க விடுங்கள், கால் பலப்படும்" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் கிளேபாங் கடற்கரைதான். கரையில் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு இவர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கையை விடுவார். என் பிள்ளை நிற்பாள்! கம்பியும் சுவரும் இல்லாமல், யார் கையும் பிடிக்காமல் நிற்பாள். அவர் பத்தடி தள்ளிப் போய்க் கையை நீட்டுவார், இவள் நடந்து போவாள். "அப்பா பிடிக்காதீங்க, பிடிக்காதீங்க!" என்று அவள் கத்துகிற கத்தல் ரோடு வரைக்கும் கேட்கும். மற்ற ஆறு நாளும் வீட்டில் ஞாயிறு எப்போ வரும் என்ற பேச்சுதான்.

இங்கேதான் நான் வருகிறேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பயம் ஜாஸ்தி. பிள்ளை தண்ணீரில் நிற்பதைக் கரையில் இருக்கிற அத்தனை பேரும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்? மஞ்சள் துணியில் ரெண்டு கை கல் உப்பு, ஏழு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு படிகாரம் வைத்து முடிந்து, காடியில் அவள் உட்காருகிற முன் சீட்டுக்கு அடியில், ரப்பர் பாயைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. இவர் சீர்திருத்தக் கூட்டத்துக்கெல்லாம் போகிறவர். காடி வாங்கின அன்று ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினதே எனக்காகத்தான். அதற்கே "இத்தோட உன் மந்திரத்தை நிறுத்திக்க" என்று சொல்லியிருந்தார். அதனால் திருட்டுத்தனமாகவே செய்தேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் முடிச்சை எடுத்துப் பார்த்தால் துணி சொதசொதவென்று நனைந்திருக்கும், உப்பில் பாதி இருக்காது. எனக்கோ சந்தோஷம் தாங்காது. உப்பு கரைந்தால் திருஷ்டி கரைந்தது என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? இவ்வளவு கண்ணா பட்டிருக்கிறது என்று நினைத்து, அடுத்த மாசம் இன்னும் ஒரு கை கூடுதலாகப் போடுவேன். இப்படியே மூணு வருஷம். கரைந்த உப்பு எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? புத்தி கெட்டவள்.

ஒரு ஞாயிறு கிளேபாங்கிலிருந்து திரும்பி வரும்போது மகள் காலடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, கீழ ரோடு ஓடுது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய சப்பாத்துக் குதிகால் பாயோடு சேர்த்துத் தரையை அழுத்தியதில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. இவர் ஓரமாக நிறுத்தினார். அவர் இறங்கி இந்தப் பக்கம் வருவதற்குள் பின்சீட்டிலிருந்து கையை விட்டு முடிச்சை உருவி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். பாயைத் தூக்கினால், தரை முழுக்க ஊறிப்போன பிஸ்கட் மாதிரி இருந்தது. விரலால் தொட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

புக்கிட் ரம்பாய் பக்கம் காடிக்குத் தகரம் தட்டுகிற சீனர் ஒருவர் இவருக்குப் பழக்கம். வந்து பார்த்தார். துருவைச் சுரண்டி எடுத்து, நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். "உப்பு" என்றார் மலாயில். "கடலுக்கு அடிக்கடி போவீங்களா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்" என்றார் இவர்.

"அப்புறம் என்ன? கடல்தான் தின்னிருக்கு."

முடிச்சு அடுப்பங்கரையில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. அந்த நிமிஷமே கொண்டுவந்து போட்டிருக்கலாம். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, மகளைத்தான் பார்த்தார். "துருவை நிறுத்துற வரைக்கும் கடல் வேணாம்மா. காடி போயிட்டா உன் பள்ளிக்கூடமும் போயிடும்" என்றார். நியாயமான பேச்சு. அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போது பதினோரு வயசு.

அவர்கள் ரெண்டு பேரும் உள்ளே போன பிறகு முடிச்சை எடுத்துப் போய்ச் சாக்கடையில் போட்டேன். நானே முழுகிப் போயிருக்கலாம்.

சீனர் தானே செய்து தருவதாகத்தான் சொன்னார். இவர் கேட்கவில்லை. "நம்ம வீட்டுக் காடி, நாமளே பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். பேனா பிடித்த கை. செங்கல் அடுக்கிக் காடியைத் தூக்கி நிறுத்தவே ஒரு ஞாயிறு போனது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் துரு போகும் என்று பார்த்தால் தரைதான் போனது, ஓட்டை முறத்தளவு ஆகிவிட்டது. பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து மேலே வைத்து, போல்ட்டு முடுக்கி, சுற்றிலும் தார் பூசி, சிவப்புச் சாயம் அடித்தார். அன்று சாயங்காலம் பிள்ளைத்தாய்ச்சிக்கு இருக்கிற பெருமையோடு உட்கார்ந்து டீ குடித்தார்! ரெண்டு மாசத்தில் டின்னைச் சுற்றி மறுபடியும் துரு கிளம்பியது. சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

எனக்குத்தான் தெரியுமே, உப்பு இடுக்குக்குள்ளெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று. சொல்ல முடியாமல் நான் ஒரு வைத்தியம் பண்ணினேன். பள்ளிக்கூட விடுமுறையில் அவர் ஆபீஸுக்குச் சைக்கிளில் போகிற நாளில், வாளி வாளியாக நல்ல தண்ணீர் மொண்டு காடிக்குள் ஊற்றினேன். உப்பைக் கழுவிவிடுகிறேனாம். ஆனால் தண்ணீர் வடிகிற துவாரத்தையெல்லாம் அவர் துரு ஓட்டை என்று நினைத்துத் தார் வைத்து அடைத்திருந்தார். ஊற்றின தண்ணீர் அத்தனையும் உள்ளேயே நின்றது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தும் தீரவில்லை. அந்த வருஷ முடிவில் கதவின் அடிப்பக்கமும் போனது. அவர் ஒரு பக்கம் அடைக்க, நான் ஒரு பக்கம் ஊற்ற, ரெண்டு பேரும் சேர்ந்தே அந்தக் காடியைத் தின்றோம்.

"பாத்தியா, கடலுக்குப் போகாமலே இந்தப் பாடு. போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்பார். நான் சாண்ட்பேப்பரைத் தேய்த்துக்கொண்டே "ஆமாங்க" என்பேன்.

மகள் முதலில் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். "இன்னைக்காவதுப்பா?" பிறகு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டாள். ஒருநாள் நான் துருத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது சுவரைப் பிடித்து வந்து நின்று, "அப்பாகிட்ட இனிமே கேக்க மாட்டேம்மா. பாவம், முதுகு வலிக்குதுன்னாரு. துரு நின்னதும் போலாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். விளக்கமாற்றைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் இவர் வாய்க்குப் பயம். "உன் மந்திரம் செஞ்ச வேலையைப் பாத்தியா?" என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினதில் நாள் ஏறிப்போய்விட்டது. அப்புறம் மகளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அதுதான் பெரிய பயம்.

ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதெல்லாம் அந்த மிஸி, "கடலுக்குப் போறீங்களா?" என்று கேட்பார். "காடி சரியில்லை" என்போம். கடைசி தடவை அவர் நாடாவை எடுத்துக் காலின் சுற்றளவை அளந்தார். அளந்துவிட்டு முன்பு எழுதி வைத்திருந்ததையும் பார்த்தார், அளவு குறைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இவர் காடிக்கு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கால் ரெண்டு மட்டும் வெளியே தெரிந்தது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைப் பார்த்துச் சொன்னேன். உப்பு, முடிச்சு, அமாவாசை, வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தியல் சத்தம் நின்றது.

வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் துருத்தூள். கத்தட்டும், ரெண்டு அடி வேண்டுமானாலும் வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"உப்பு வச்சதுக்கு உன்னைக் கொன்னா போட்டிருப்பேன்?" என்றார். குரல் எழும்பவே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா, புள்ளையைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனேடி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, "அவளைக் கெளம்பச் சொல்லு" என்றார்.

ஓட்டைக்கு மேல் ஒரு பலகையைப் போட்டுப் போனோம். மகளிடம் துரு நின்றுவிட்டது என்று சொன்னார். அவள் கிளேபாங் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். பதிமூன்று வயசு, ஆனால் முகத்தில் அந்தப் பழைய எட்டு வயசுச் சிரிப்பு. கரையில் கம்பியைக் கழற்றினேன். இப்போது அவளைத் தூக்க முடியவில்லை, ரெண்டு பேரும் இரண்டு பக்கம் தாங்கித்தான் இறக்கினோம்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. "விடுங்க, விடுங்க" என்றாள். விட்டோம். அவர் பத்தடி தள்ளிப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கால் மடங்கியது. முகம் தண்ணீருக்குள் போனது. அவர் ஓடிவந்து தூக்கினார். "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவையும் விழுந்தாள். மூணாவது தடவை விழுந்து எழுந்து, இருமிவிட்டு, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அவள் அழவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, கணக்கில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்.

"மறந்துபோச்சும்மா. முன்னாடி நான் எப்படிம்மா நிப்பேன்? நீங்கதான் வாராவாரம் கரையிலருந்து பாத்தீங்களே, சொல்லுங்க."

நான் அவளை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னமும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"தெரியலடி கண்ணு" என்றேன்.