கடைசியாக உண்ட நேரம்

யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்று கேட்பது எல்லாருக்கும் வழக்கம். "சாப்டேன்" என்று பதில் வந்தால் கேட்டவருக்கு ஒரு நிறைவு. அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கல்லீரல் ஆய்வுப் பிரிவின் கடைசி அறையில் இருந்தவளுக்கு மட்டும் அந்தப் பதிலைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு வாய் பால் குடித்தவரைக்கூட விட்டதில்லை. அதனால் நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பட்டினி அக்கா. நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்குக் கீழே மடக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே பசையைத் தடவி, கருவியின் முனையை வைத்து அழுத்துவாள். யாரோ விரலால் சுண்டியதுபோல ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து, கருவி ஓர் எண்ணைச் சொல்லும். மிருதுவான கல்லீரலில் தட்டு மெதுவாக ஓடும். தழும்பேறி இறுகியதில் விரைந்து ஓடும். பத்துத் தட்டுகள்; அவற்றில் நடுவே நிற்கும் எண்தான் முடிவு. வயிற்றில் உணவு விழுந்தால் கல்லீரலுக்குப் போகும் இரத்தம் கூடிவிடும், கொஞ்ச நேரத்துக்கு எண்ணும் ஏறிவிடும். இருப்பதைவிட நோய் பெரிதாகத் தெரியும். அதனால்தான் மூன்று மணி நேரப் பட்டினி.

இதையெல்லாம் அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வார்டில் படுக்கை விரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். கருவி வந்த புதிதில் அதற்கென்று படித்துவிட்டு வந்த இருவர் ஒருவர் பின் ஒருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதுவரை பக்கத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கருவியோடு வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தாள். விலாவின் இடைவெளி பிடிபட, வீட்டில் கணவனைப் படுக்கவைத்து விரலால் தடவித் தடவிப் பழகினாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "என் எலும்பை எண்ணி எண்ணியே என்னை இளைக்க வச்சுட்டா" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து, அவள் அளந்த நாற்பது பேரையும் மறுபடி அளந்து பார்த்தார். எண்கள் ஒத்துப்போயின. அன்றிலிருந்து பதினொரு வருடம் அந்த அறை அவளுடையது.

ஆய்வு பற்றியும் ஒரு வார்த்தை. ஹெப்படைட்டிஸ் சி என்னும் வைரஸ் கல்லீரலில் வருடக்கணக்காகத் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். புதிய மாத்திரைகள் வைரஸை ஒழித்துவிடுகின்றன. வைரஸ் போன பிறகு இறுகிய கல்லீரல் இளகுகிறதா, இளகினால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மாத்திரை தொடங்கும் முன் ஒரு அளவு, ஒரு வருடம் கழித்து ஒரு அளவு. இடையில் நடப்பதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். டாக்டர் வயதில் இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தவறு நடந்தது ஆட்களைச் சேர்க்கும் கடைசி நாளில். அன்று காலையிலிருந்து கருவி உயிர் பெறவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஏழு மணிக்கே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பவர், மனைவியை இழந்தவர், நாற்பத்தெட்டு வயது.

"கடைசியா எப்ப சாப்டீங்க?"

"நேத்து ராத்திரி எட்டரை. மூணு மணி நேரம்னு சொன்னாங்க. உங்க பேரைக் கேட்டதும் நானே கூட்டிக்கிட்டேன்."

கருவிக்காரன் தொலைபேசியில் அதைக் கழற்று, இதை மாட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மதியம் இரண்டு பத்துக்கு வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். கண்ணாடிக்காரர் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். நெற்றி ஜில்லென்று வியர்த்திருந்தது. அவள் யோசிக்கவில்லை. தன் குடுவையிலிருந்த டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டு வாயில் புகட்டினாள். மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியில் இரண்டு துண்டைக் கையில் கொடுத்தாள். முகத்தில் இரத்தம் திரும்பியது.

"பட்டினி அக்கா கையால சாப்டவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்றார் அவர். "வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க."

இரண்டு நாற்பதுக்குக் கருவி எழுந்துகொண்டது. மூன்று மணி நேரம் காத்திருந்தால் ஐந்து பத்து. படிவங்களை அனுப்பக் கடைசி நேரம் நான்கு. அவர் பெயர் விட்டுப்போனால் மாத்திரையும் விட்டுப்போகும்; வெளியில் வாங்கிச் சாப்பிட அவரால் முடியாது. படுக்கச் சொன்னாள். பத்துத் தட்டு. பதின்மூன்று புள்ளி எட்டு. பன்னிரண்டரைக்கு மேல் போனால் கல்லீரல் முற்றாக இறுகியது என்று அந்த ஆய்வில் கணக்கு.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கடைசியாக உண்ட நேரம். பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தைய நாள் இரவு எட்டரை என்று எழுதினாள். ரெண்டு துண்டு ரொட்டிதானே, எவ்வளவு ஏறிவிடப் போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எவ்வளவு ஏறும் என்று நூற்றுக்கணக்கான பேருக்கு விளக்கிச் சொன்னவளும் அவள்தான்.

அந்த எண்ணால் கண்ணாடிக்காரர் இறுகிய கல்லீரல்காரர்களின் பட்டியலுக்குப் போனார். மற்றவர்களுக்கு மூன்று மாத மாத்திரை, அவருக்கு ஆறு மாதம். உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். தாழ்வாரத்தில் அவர் வருவது தெரிந்தால் அவள் சாமான் அறைக்குள் போய் நின்றுகொள்வாள். உள்ளே துண்டுகளை எடுத்து மறுபடி மடித்து வைப்பாள். பிரிவில் துண்டுகள் அந்த வருடம் இருந்த அழகில் எந்த வருடமும் இருந்ததில்லை.

ஒரு வருடம் கழித்து, இரண்டாவது அளவுக்கு வந்தார். இந்த முறை ஓடி ஒளிய இடமில்லை.

"சாப்டீங்களா?"

"உங்க கிட்ட சாப்டேன்னு சொல்ற தைரியம் யாருக்கு இருக்கு?"

உண்மையில் அவர் சாப்பிட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பத்துத் தட்டு. ஏழு புள்ளி ஆறு.

"நல்லதா, கெட்டதா?"

"நல்லது."

"எவ்வளவு நல்லது?"

"ரொம்ப நல்லதுங்க."

அவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "இப்படி ஆகும்னு அப்பவே தெரிஞ்சிருந்தா கல்யாணம் பண்ணியிருப்பேன்க்கா."

"யாரை?"

"இருந்தாங்க ஒருத்தங்க. தையல் கடை வச்சிருந்தாங்க. ஆளுயரக் கண்ணாடி மாட்டப் போனேன். ஒரு கண்ணாடி மாட்ட நாலு தடவை போனேன்னா பாத்துக்கோங்க. ரெண்டு பேரும் தனி ஆளு. பேசி முடிச்சு வச்சிருந்தோம்." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா கல்லீரல் முத்திப்போச்சுன்னு சொன்னாங்களா, அன்னைக்கே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை புருஷனைப் பறிகொடுத்தவங்க. இன்னொரு தடவை எதுக்கு?"

"நோயைச் சொன்னீங்களா?"

"சொன்னா பரவாயில்லைன்னு நிப்பாங்க. எனக்கு மனசு மாறிடுச்சுன்னு சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா தேவலை. அந்தக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கடையை மூடிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க." சிரித்தார். "விடுங்க. உயிர் திரும்பி வந்துருக்கு, அதைப் பாப்போம்."

அவர் போன பிறகும் அவள் காகிதத் துண்டை வைத்துக்கொண்டு படுக்கையைத் துடைத்தபடியே இருந்தாள். படுக்கையில் பசை ஏதும் இல்லை.

அன்று மாலை டாக்டர் அவள் அறைக்கே வந்துவிட்டார். "அக்கா, பதிமூணு புள்ளி எட்டுலேர்ந்து ஏழு புள்ளி ஆறு. நம்ம ஆய்வுல இவ்வளவு இறங்கினது இவர் ஒருத்தர்தான். அடுத்த மாசக் கூட்டத்துல இவரோட வரைபடத்தைத்தான் பெரிசா போட்டுக் காட்டப் போறேன். அளந்தது நீங்கன்னும் சொல்லுவேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இரவெல்லாம் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை, கணவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் முதலில் அதை ஊதித் தள்ளப் பார்த்தான்.

"ஒரு டீக்கா இந்த மூஞ்சி? மயங்கி விழுந்தவனுக்குத் தண்ணி குடுக்காம இருந்தாத்தான் தப்பு."

"குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. குடுக்கலன்னு எழுதினேனே."

"ஒரு வருஷம் ஆச்சு. இப்ப போய்ச் சொன்னா உன்னையில்ல தூக்குவாங்க?"

"நீ லிஃப்ட் கம்பியைப் பாக்காம பாத்தேன்னு அட்டையில கையெழுத்துப் போடுவியா?"

அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்தான். "எத்தனை மணிக்கு டாக்டரம்மா வருவாங்க?" என்றான் பிறகு. "எட்டு மணிக்கு" என்றாள். தன் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டான்.

டாக்டர் கேட்டு முடித்ததும் மடிக்கணினியை மெல்ல மூடினார். "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி?"

"இவர் ஒருத்தருக்குத்தான் டாக்டர்."

"நான் நம்பறேன்க்கா. ஆனா நான் நம்பினா மட்டும் போதாது. நீங்க எழுதின எல்லாப் படிவத்தையும் வெளியாளு வந்து பாப்பாங்க. அது முடியற வரைக்கும் நீங்க கருவியைத் தொடக்கூடாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அன்னைக்கு ஒரு மாடி ஏறி என் கிட்ட வந்திருந்தா, மேல பேசி இன்னும் ஒரு நாள் அவகாசம் வாங்கியிருப்பேன். முன்னாடியும் வாங்கியிருக்கேன்."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருடமாக அவள் போட்டுப் புரட்டிய யோசனைகளில் இந்த ஒன்று இல்லை. பொய் எழுதுவது, இல்லையென்றால் அவருக்கு மாத்திரை கிடைக்காமல் போவது என்று இரண்டே வழிதான் இருந்ததாக அவள் தன்னை நம்பவைத்திருந்தாள்.

"அவருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் டாக்டர்.

"எழுதினது நான். நான்தான் சொல்லணும்."

"அப்ப ரெண்டு பேரும் இருப்போம்."

அன்றே கண்ணாடிக்காரரை வரச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவர் முகம் இருண்டது. "திரும்ப வந்துடுச்சா?" என்றார்.

"வரல. வைரஸ் சுத்தமா போயிடுச்சு. நேத்து எடுத்த அளவும் சரிதான்" என்றார் டாக்டர். "முதல் அளவுலதான் தப்பு."

பிறகு அவள் சொன்னாள். டீ, ரொட்டி, இரண்டு நாற்பது, கட்டத்தில் எழுதிய எட்டரை. சுற்றி வளைக்காமல், நடந்த வரிசையில். சொல்லும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கண்ணாடி கீறி ஆறிய வெள்ளைக் கோடுகள்.

"அப்ப அன்னைக்கு நெஜத்துல எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியாதுங்க" என்றார் டாக்டர். "பத்து இருந்திருக்கலாம். பதிமூணே இருந்திருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

"அப்ப நெஜமாவே முத்தித்தான் இருந்துச்சோ என்னவோ."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்காகப் பாவப்பட்டுத்தான செஞ்சீங்க?"

ஆமாம் என்று சொன்னால் போதும், அத்தோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதுபோல இருந்தது.

"டீ குடுத்தது அதுக்குத்தான். பொய் எழுதினது அதுக்கு மட்டும் இல்லீங்க. நானே சாப்பாடு குடுத்துட்டேன்னு தெரிஞ்சா இங்க எல்லாரும் சிரிப்பாங்கன்னு எனக்கு இருந்துச்சு."

டாக்டர் ஏதோ பேச வாயெடுத்தார். கண்ணாடிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தையல் கடை வச்சிருந்தாங்களே, அவங்க அண்ணன் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் கடைசியில். "பஸ் நிக்கற இடத்துலேர்ந்து ரெண்டாவது தெரு, பச்சைக் கதவு. நீங்க போய்ச் சொல்லணும். எனக்கு மனசு மாறல, நோயைப் பாத்து பயந்துட்டேன், அந்த நோயும் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, இத்தனையும் சொல்லணும். என் நோயைச் சொல்லலாம், நான் அனுமதி குடுக்கறேன்."

"நீங்களே போனா…"

"நான் போனா திரும்ப வந்து கேக்கற மாதிரி இருக்கும். கேக்கற உரிமை எனக்கு இல்ல. அவங்களை வேண்டாம்னு ஒருத்தன் சொன்னான்னு அவங்க நெனச்சுக்கிட்டிருக்கறது மட்டும் மாறணும்."

"போறேங்க. இன்னைக்கே போறேன்."

"போன்ல வேண்டாம். நேர்ல."

"நேர்லதான்."

அவர் எழுந்து கதவுவரை போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவங்க என்ன சொன்னாலும், அதை வந்து என் கிட்ட சொல்லாதீங்க."