ஓரத்தில் ஒரு கை

மகள் வயதுக்கு வந்த சீர்ப் படங்களை லேப்டாப்பில் ஆல்பம் பக்கங்களாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் வளையல் இல்லாத கை மட்டும் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டிருந்தது. மென்பொருள் தானாகவே அதை விலக்கி வெட்டுக்கோடு போட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, ராயபுரத்து வீட்டில் தம்பியின் காதுகுத்து. அப்பாவின் அக்கா, என் அத்தை, பனியன் கம்பெனி வெட்டுத்துணியில் எனக்குக் கவுன் தைத்திருந்தார். அதில் மெஷின் எண்ணெய் வாசம் போகவே இல்லை. போட்டோ எடுக்கும்போது என் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"நங்கையா, சித்த அக்கட்ட தள்ளிக்குங்க" என்று நாத்தனாரிடம் சொன்னார் அம்மா. கணவனை இழந்தவர் விசேஷப் படத்தில் நிற்கக் கூடாதாம்.

"அட ஆமா, நாம்பாட்டுக்கு நின்னுட்டேன்" என்று அத்தை சமையலறைக்குப் போனார்.

அதன்பிறகு கேமராவைக் கண்டாலே அவராகவே நகர்ந்துவிடுவார். அந்தப் படத்தில் கவுன் இருக்கிறது, தைத்தவர் இல்லை. அவர் செத்தபோது மாலை போட ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

மகள் திரையை எட்டிப் பார்த்தாள். "அந்தக் கை யாருதும்மா? அசிங்கமா இருக்கு."

அப்பா போனதிலிருந்து எங்களோடு இருக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ற கைதான் கண்ணு" என்றார். "வெட்டி உட்ரு."