தொண்ணூற்றெட்டு மார்க் பிரெஞ்சு

மல்லசமுத்திரம் காளியப்பன் பூமியில் போட்ட துளைகளை வரிசையாக நிறுத்தினால், சங்ககிரி மலையில் நூலைக் கட்டி டெல்லி வரைக்கும் ஒரே தையலாகத் தைத்துக்கொண்டு போய்விடலாம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் அவர் டிரில்லர். ராஜஸ்தானில் ஒருமுறை அவர் இறக்கிய ராடு பாதாளத்தில் போய் முட்டியதும் உள்ளேயிருந்து யாரோ "யாரது?" என்று அதட்டினார்களாம். "தெரியாம வந்துட்டனுங்க" என்று காளியப்பன் ராடை மேலே ஏற்றிவிட்டாராம். கீழே இருந்தவருக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று ஊரில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இத்தனை மாநிலம் சுற்றியவருக்கு வாயில் ஏறிய அயல்மொழி, தண்ணீருக்கு இந்தியில் சொல்லும் 'பானி' என்ற ஒற்றைச் சொல்தான். கூட வருகிறவர்கள் சமையல்காரர் முதற்கொண்டு திருச்செங்கோட்டைச் சுற்றியவர்கள். வண்டி எந்தப் பாலைவனத்தில் நின்றாலும் அதன் நிழல் விழும் இடம் மட்டும் கொங்கு நாடாகிவிடும். அந்த நிழலைத் தாண்டி டீ குடிக்கப் போவதென்றாலும் காளியப்பன் துணைக்கு ஆள் தேடுவார். பனைமரம் மாதிரி ஆள். ஆனால் முகம் தெரியாதவர் யாராவது புரியாத பாஷையில் பேசிவிட்டால் மீசைக்குள் வேர்த்துவிடும்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் முதலாளி இளவழகன் ஒருநாள் பட்டறைக்குக் கூப்பிட்டார். உள்ளூரில் எங்கே துளை போட்டாலும் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்துகொண்டிருந்தது. இருந்த வண்டிகளை விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒன்றையும் கப்பலில் ஏற்றியிருந்தார் இளவழகன்.

"ஆப்பிரிக்காவுல டோகோன்னு ஒரு நாடுங்ண்ணா. லோமேங்கற துறைமுகத்துல வண்டி எறங்கறப்ப நம்ம ஆளு ஒருத்தரு முன்னாலயே போயி நிக்கோணும். மத்தவங்க பொறவால வருவாங்க. ஆனா அங்க அல்லாரும் பிரெஞ்சுதான் பேசுவாங்களாமா."

பக்கத்தில் நின்ற இளவட்ட டிரில்லர் ரமேஷ்குமார் ஓர் அடி முன்னே வந்தான். "எனக்கு இந்தியும் இங்கிலீசும் தண்ணி பட்ட பாடுங்க. பிரெஞ்சு என்னங்க, பல்லு வெளக்கற நேரத்துல புடிச்சரலாம்."

அந்த வண்டி போனால் காளியப்பனுக்கு வேறு வண்டி இல்லை. அவர் யோசிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்ற பொண்ணு பிரெஞ்சுல தொண்ணூத்தெட்டு மார்க்குங்க!"

பொய்யில்லை. நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்கு நிகராகப் பிள்ளைப்பண்ணை நடத்தும் பள்ளிகளில் ஒன்றில்தான் இலக்கியா படித்தாள். தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று பள்ளியில் சொன்னார்கள், கொட்டியது. அவள் படம் போட்டு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரைக் காளியப்பன் கேட்டு வாங்கி வந்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். எருமை அசைபோடும்போதெல்லாம் தலைக்கு மேல் தொண்ணூற்றெட்டு ஆடும்.

"அப்ப ஊட்டுலயே வாத்தியாரு இருக்குது," என்று சிரித்தார் இளவழகன். "ஐப்பசி மொத ஞாயித்துக்கெழம அங்கத்த ஆளு கொஸ்ஸி வீடியோவுல வருவாரு. பேசுங்க. அவரு சரின்னா டிக்கெட்டு உங்களுக்கு. இல்லீன்னா ரமேசு."

பாடம் தொடங்கியது. முதல் நாளே தண்ணீருக்கு 'ஓ' என்று சொல்லிக் கொடுத்தாள் இலக்கியா. "அவ்வளவுதானா? ஆயரம் அடி எறங்கி எடுக்கறதுக்கு ஒத்த எழுத்தா?" என்று காளியப்பனுக்கு மனத்தாங்கல். அடுத்த நாள் பொருளுக்கெல்லாம் ஆண், பெண் உண்டு என்றாள். சுத்தியல் ஆண். மெஷின் பெண். மேசை பெண்.

"மேசைய எதை வெச்சு சாமி பொண்ணுன்னு கண்டுபுடிச்சாங்க?"

இலக்கியா எழுந்தாள். "சித்த இருங்கப்பா, தண்ணி குடிச்சுட்டு வாரேன்," என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதுதான் முதல் தண்ணீர். அதன்பின் அவர் எதைக் கேட்டாலும் அவளுக்குத் தாகம் எடுத்தது. "டேக்ஸிக்காரங்கிட்ட எப்படிச் சொல்றது?" தண்ணீர். "துறைமுகம் எங்கீன்னு கேக்கறது?" தண்ணீர். குடித்த தண்ணீருக்கு மேட்டூர் அணையே அரையடி இறங்கியிருக்க வேண்டும்.

காளியப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளைக்குச் சர்க்கரையோ? இல்லை, போனில் எவனாவது பையனோ? ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் கொஸ்ஸி. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் லோமே துறைமுகத்தில் தனியாக நிற்கிறார். ஊரே அவரைச் சுற்றி நின்று 'ஓ, ஓ' என்கிறது. எல்லாருக்கும் தண்ணீர் வேண்டுமா, இல்லை தன்னைப் பார்த்துக் கத்துகிறார்களா என்று தெரியாமல் நிற்கிறார்.

மனைவி மயிலம்மாள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்: "ஏனுங்க, பேசத் தெரியாதது ஒண்ணும் பெரிசில்லீங்க. உங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். புரியாட்டியும் சரிங்க, சரிங்கன்னு தலைய ஆட்டுவீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டரு இங்கிலீசுல கேட்டதுக்கெல்லாம் சரிங்கன்னீங்க. பல்லு வலிக்குப் போன மனுசனுக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து உட்டு அனுப்புனாங்க. அங்க போயி ஆட்டுனீங்கன்னா கடல்ல எறக்கி உட்டுருவாங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தண்ணீர் குடிக்கப் போன மகளைப் பின்தொடர்ந்து போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இலக்கியா உட்கார்ந்து தமிழில் எதையோ போனில் அடித்தாள். போன் பிரெஞ்சில் சொன்னது. அவள் அதை முணுமுணுத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி போட்டாள்.

"யாரு சாமி அது, போனுல?"

இலக்கியா துள்ளி எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது. "யாருமில்லீங்கப்பா. எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்கப்பா."

"தொண்ணூத்தெட்டு?"

"அது மார்க்குங்கப்பா. எந்தக் கேள்வி வரும்னு சொல்லிருவாங்க. பாதிப் பதிலை இங்கிலீஷ்லயே எழுதலாம். மீதி மனப்பாடம். வகுப்புல ஒருநாள் கூட ஒரு வார்த்தை ஆரும் பேசுனதில்ல, மிஸ்ஸே பேசுனதில்ல. நீங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டீங்க. அப்பறம் எப்படிச் சொல்லுவேன்?"

காளியப்பன் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைமேல் பேனரில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னூறு அடி இறங்கியபின் ராடு கழன்று உள்ளே விழுந்தால் வருமே ஒரு வெறுமை, அது கையில் வந்தது.

"மொதலாளிகிட்ட நானே போயிச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்." அவருக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனி ஒளிஞ்சுக்கப் போகாத. அந்தப் போனை இங்க வெச்சு ரெண்டு பேருமே படிக்கலாம். நான் பிளைட்ட உட்டு எறங்கறேன். அங்கிருந்து ஆரம்பி. மொதல்ல என்ன கேப்பாங்க?"

அப்படித்தான் அந்த வாரம் போனது. மாட்டுக்கொட்டகை விமான நிலையமாயிற்று. மயிலம்மாள் டேக்ஸிக்காரி, எங்கே போகச் சொன்னாலும் வர மறுத்தாள். பெட்டி எங்கே, விடுதி எங்கே, 'ஊ ஏ ல போர்', அதாவது துறைமுகம் எங்கே. மெஷின் பெண், மஞ்சள் நிறம், என்னுடையது. புரியவில்லை என்பதற்கு ஒன்று: 'ஜ ன கோம்ப்ரான் பா'. மெதுவாகப் பேசுங்கள் என்பதற்கு ஒன்று: 'பார்லே லான்த்மான், சில் வூ ப்ளே'. இந்தக் கடைசியை எருமை காதில்கூடச் சொல்லிப் பார்த்தார். அது அன்று மெதுவாகவே அசைபோட்டதாக மயிலம்மாள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இளவழகன் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். ரமேஷ்குமார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான். இலக்கியா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகத்தைக் கடித்தாள். திரையில் கொஸ்ஸி வந்தார். பெரிய முகம், பெரிய சிரிப்பு. வாயைத் திறந்தார் பாருங்கள், தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை கொட்டியது மாதிரி இருந்தது.

காளியப்பனுக்கு எல்லாம் போயிற்று. பெட்டி போயிற்று, விடுதி போயிற்று, துறைமுகம் போயிற்று. கழுத்து தானாக அசையப் பார்த்தது. 'சரிங்க' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

"ஜ ன கோம்ப்ரான் பா," என்றார். "பார்லே லான்த்மான், சில் வூ ப்ளே."

ரமேஷ்குமார் சிரித்தேவிட்டான். "புரியலீன்னு சொல்றதுக்கா இத்தன நாளு படிச்சீங்க?"

கொஸ்ஸி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தார். பெயர் என்ன? சொன்னார். மெஷின் என்ன நிறம்? 'ஜோன்', மஞ்சள். மறுபடி ஒன்று கேட்டார். காளியப்பன் யோசித்தார், பிடிபடவில்லை, மறுபடியும் 'கோம்ப்ரான் பா' என்றார். கொஸ்ஸி கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பாடு! "அரிசி," என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார் காளியப்பன்.

பிறகு கொஸ்ஸி, இளவழகனிடம் அரைகுறை இங்கிலீஷில் பேசினார். இலக்கியா அதை அப்பாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "அவங்க ஊட்டுலயும் வேற பாஷையாமாப்பா, 'எவெ'ன்னு. பிரெஞ்சு பள்ளிக்கோடத்துல அடி வாங்கிப் படிச்சதாமா. போன வருசம் வேற கம்பெனிக்காரரு ஒருத்தரு வந்தாராமா. எதுக்கெடுத்தாலும் 'வீ, வீ', ஆமா, ஆமான்னே சொன்னாராமா. கடைசில வண்டிய நூறு கிலோமீட்டரு தள்ளி வேற ஊருல கொண்டு போயி எறக்கிட்டாராமா. புரியலீன்னா புரியலீன்னு சொல்ற ஆளு போதும்னு சொல்றாருப்பா."

இளவழகன் ரமேஷ்குமாரைப் பார்த்தார். "நீ பொறவால வா, ரமேசு. அண்ணன் முன்னால போகட்டும்."

வீடு திரும்பும்போது இலக்கியா ஸ்கூட்டர் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த காளியப்பனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான்; இதுவரை போவோமோ மாட்டோமோ என்று இருந்தது, இனிப் போயே ஆக வேண்டும். சோளக்காட்டைத் தாண்டும்போது கேட்டார்.

"ஏஞ்சாமி, பிளைட்டுல தாகம் எடுத்தா 'ஓ'ன்னா குடுத்துருவாங்களா?"

"பிளைட்டுல பிரெஞ்சு இல்லீங்கப்பா. நடுவால வேற ஒரு ஊருல எறங்கி மாறோணும். அங்கயும் இல்ல. அதுவரைக்கும் எல்லாமே இங்கிலீஷ்தான்."

காளியப்பன் முன்னால் குனிந்தார்.

"இங்கிலீசுல உனக்கு எத்தன மார்க்கு சாமி?"