மஞ்சள் பட்ட மெடல்

போன வாரம் ஆயுத பூஜை. அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள் என் மனைவி. அந்த வரிசையில் என் மெடலும் இருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டைக்குப் போனதற்குக் கொடுத்தது. அதன் ரிப்பனுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றேன்.

"எனக்கு அரிவா ஆயுதம். உங்களுக்கு இதானே?"

துப்பாக்கியைப் பட்டாளத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு எதை நான் காட்டுவேன்?

பூஜையில் வைத்ததை விஜயதசமி பூஜை முடியும்வரை தொடக்கூடாது. எனக்கோ அதற்கு மறுநாள் இன்டர்வியூ. டவுனில் ஒரு பேங்கில் வாட்ச்மேன் வேலை. பட்டாளத்திலிருந்து வந்தபின் கேட்ட இடமெல்லாம் கைவிரித்தாயிற்று. இதுவும் போனால் எங்கே போவது? மெடலோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

விஜயதசமி சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். ரிப்பனின் வெள்ளைக் கோடு மஞ்சளாகிக் கிடந்தது. பட்டாளத்துக்காரன் அப்படியே விடுவானா? துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன்.

மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும்னு உங்க பட்டாளத்துல சொல்லித் தரலீங்களா?"

தரவில்லை.

வேறு வழியில்லை. மறுநாள் அதையே குத்திக்கொண்டு, எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

கேள்வி கேட்டவர் ரிட்டையரான மேஜர். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெடலைத்தான் பார்த்தார்.

"இது எந்த யுத்தத்து ரிப்பன்? எனக்குத் தெரியாத யுத்தமா இருக்கே."

"எழுபத்தொண்ணுதாங்க சார்."

"அந்த ரிப்பன் என்கிட்டயும் இருக்குப்பா. இந்தக் கலர் இல்ல."

பக்கத்திலிருந்த மேனேஜர் பேனாவை மூடினார். மெடலைக் கடையில் வாங்கிக் குத்திக்கொண்டு வேலை கேட்பவர்கள் உண்டு. என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டார்கள் என்று புரிந்தது.

"மஞ்சள் பட்டுடுச்சுங்க. சோப்பு போட்டேன்."

"மெடல்ல ஏன்யா மஞ்சள்?"

"ஆயுத பூஜைங்க சார். வீட்ல வெச்சுட்டாங்க."

மெடலைக் கழற்றித் தரச் சொன்னார். அதன் விளிம்பில் என் பட்டாளத்து நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். அங்கே சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். நம்பர் கேட்டார், சொன்னேன். பேர் கேட்டார், சொன்னேன்.

மெடலைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க வீட்ல பரவால்லப்பா. எங்க வீட்ல கொலு. என் மெடலைத் தலையாட்டி பொம்மை கழுத்துல மாட்டிட்டாங்க. சுண்டல் வாங்க வந்தவங்கல்லாம் ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போனாங்க."

மேனேஜர் பேனாவைத் திறந்தார். வேலை கிடைத்தது.

வீட்டில் வந்து சொன்னேன். "பாத்தீங்களா? நான் பூஜை போட்டது வீண் போவல" என்றாள்.

அந்த மெடலைக் கொடுத்த ஆபீசர், டப்பாவைக் கையில் வைத்துவிட்டு அடுத்தவன் பேரைக் கூப்பிட்டார். பிறகு அது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அதைக் கையெடுத்துக் கும்பிட்ட ஆள் இவள் ஒருத்திதான்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், அடுத்த வருஷம் என் பூட்ஸுக்கும் பொட்டு வைத்துவிடுவாள்.