தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

மாரிகுப்பம் தசரதனிடம் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. பார்த்தால் பெரிய சண்டைக்குப் போய் வந்தவை மாதிரி இருக்கும். அதே கனம், அதே மரக்கட்டை. தோட்டா மட்டும் சுண்டுவிரலில் பாதி. பட்டாளத்தில் புது ஆட்களைச் சுடப் பழக்க அந்தக் காலத்தில் செய்தவை. இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. விட்டால் கட்டில் போட இடமிருக்காது என்பாள் அவர் மனைவி தங்கம்மா.

தசரதன் தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டின் கம்பிக்கயிற்றைத் துடைத்து, தடவிப் பார்த்து, கிரீஸ் போட்ட கை. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கைக்குத் துடைக்க ஏதாவது வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி பெங்களூரில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் அட்டையைச் சுட்டுவிட்டு வருவார்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். இந்தத் தடவை கடைசி நாள் என்று ரேஞ்சிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓடியதில், நன்றாகச் சுடும் துப்பாக்கிக்கு எண்ணெய் விடாமலே கொடுத்துவிட்டார். மழை வேறு பிடித்துக்கொண்டது. குழலின் உள்ளே துரு ஏறினால் முடிந்தது கதை. மாற்றுக் குழல் எந்தக் கடையிலும் கிடையாது. இரண்டு முறை போய், எண்ணெய் மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன் என்று கேட்டார். ரிசல்ட் வரட்டும் என்று விரட்டினார்கள்.

ரிசல்ட் வந்தது. கான்ஸ்டபிள் மமதா துப்பாக்கிகளை எடுத்து வந்து கொடுத்தாள். நன்றாகச் சுடும் துப்பாக்கியில், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்தார். அசையவில்லை. கையெல்லாம் பிசுபிசுப்பு.

"இன்னா மேடம், பிசின் ஊத்தி வெச்சீங்களா?"

"தேங்கா எண்ணெய் அண்ணா. செவுரெல்லாம் ஓதம். எங்க பூதிகோட்டையில அரிவாளுக்கு அதான் போடுவோம். வாராவாரம் போட்டேன். தப்பாய்த்தா?"

"தலை சீவி பூ வெக்கலியா?"

"பூ வெலை ஜாஸ்தி அண்ணா."

தசரதன் முறைத்தார். பலம் கொடுத்து போல்ட்டைப் பிடுங்கி, குழலுக்குள் துணி விட்டு இழுத்தார். மஞ்சளாக வந்தது. செம்மண் நிறம் ஒரு பொட்டு இல்லை. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். குழலுக்குள் வெட்டிய வரிகள் பளபளவென்று சுழன்று போயின.

"உள்ள எப்படிம்மா விட்டீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"பாவாடை நாடாவுல துணி கட்டி இழுத்தேன். போதுமா?"

தசரதனுக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கயிறு துடைத்தவனுக்கு யார் சொன்னார்கள்? இறங்கினவன் பத்திரமாக மேலே வந்தான், அவ்வளவுதான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை மறுபடி ஸ்டேஷனில் நின்றார். ஓர் அட்டையை மமதா முன்னால் வைத்தார். நடு வட்டத்துக்குள் பத்து ஓட்டை.

"இது நீங்க சுட்டது."

"நான் எங்க அண்ணா சுட்டேன்?"

"நீங்கதாம்மா."

கூடவே துப்பாக்கி எண்ணெய் ஒரு டப்பா, அடுத்த தேர்தலுக்கு. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"இது எங்க வீட்டம்மா குடுத்தது."

பிரித்தாள். புது நாடா.